வரவேற்பறை டி.வி.யில் பேசிய ஜெசிந்தா

ஜெசிந்தா போன செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் லைன் சூப்பர்வைசர் பிரபு. திங்கட்கிழமை, முதல் ஷிஃப்ட். மணிமங்கலம் பக்கமிருந்து அவள் வரும் கம்பெனி பஸ்ஸும், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து நான் வரும் பஸ்ஸும் ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டுக்குள் முன்னே பின்னே நுழையும். யார் முதலில் இறங்கினாலும், விரல் வைக்கிற மெஷின் பக்கத்தில் மற்றவளுக்காக நிற்போம். அன்றைக்கு அவள் இறங்கவில்லை. ஒருவழியாக லீவு போட்டுவிட்டாளே என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒன்பது மணி சுமாருக்குப் பிரபு கையில் வருகைப் பட்டியலோடு வந்தார்.

“முத்துமாரி, நாலாவது இடத்துக்கு வேற ஆளக் கேட்டிருக்கேன். வர்ற வரைக்கும் ரெண்டு இடத்தையும் நீயே பாத்துக்க.”

“ஏன் சார், ஜெசி லீவா?”

“லீவு இல்ல. தவறிட்டாங்களாம். காலையில, ஆஸ்பத்திரியில.” பிறகு, “லைன நிறுத்திடாதீங்க, பதினொன்னரைக்கு லாரி வருது” என்றார்.

நான் நிறுத்தவில்லை. கார்களுக்குள் ஓடுகிற வயர்களை ஒரு நீளப் பலகையில் வரிசையாகப் பதித்து, டேப் சுற்றி ஒரே கட்டாக ஆக்குவதுதான் எங்கள் வேலை. என் கையில் பாதி சுற்றிய கட்டு இருந்தது. அதை முழுசாகச் சுற்றி, சரிபார்த்து, கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி எழுதுகிறவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டு நீங்கள் மேலே படிக்கலாம்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு தாள் அச்சடிக்கிறோம், வேலை இடத்தில் அவள் எப்படி இருந்தாள் என்று நீங்கள் எழுதிக்கொடுங்கள் என்று அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அண்ணன் கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவள். ஊரில் உள்ளவர்களுக்கு, கோயிலில் பாட்டுப் பாடும் ஜெசிந்தாவைத் தெரியும். லைனில் இருக்கிறவர்களுக்கு அவள் வாயைத் தெரியும். கேமரா முன்னால் உட்காருவதற்காக அவள் மூன்று வாரம் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில் பக்கம். ஏழு வருடத்துக்கு முன்னால் இந்த லைனில் சேர்ந்த முதல் நாள் என்னை மூன்றாவது இடத்தில் நிறுத்தினார்கள். நாலாவது இடத்தில் அவள். அப்போதே அவளுக்கு நாலு வருட அனுபவம். என்னைவிடச் சின்னவள். நான் வாயைத் திறந்து, “எனக்கு டேப்பு எங்க இருக்குன்னு சொல்லுதியாம்மா” என்று கேட்டதும் சிரித்துவிட்டாள்.

“இன்னாக்கா, பேசறியா இல்ல பாடறியா?”

“நீ பேசுத தமிழு மட்டும் யாருக்கு வெளங்கும் ஏட்டி? இன்னாங்கா, வூடுங்கா, கீதுங்கா.”

“தோடா! வாய் கீது இதுக்கு. பொழச்சிக்குவ” என்று சொல்லி, தன் டேப்பில் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டாள். ஏழு வருடமும் இந்தச் சண்டைதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு.

எங்கள் கம்பெனியில் கோட்டு இரண்டு நிறம். நிரந்தரமாக இருப்பவர்களுக்கு நீலம். எங்களைப் போலக் காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்குச் சாம்பல். வேலை ஒன்றுதான், பலகை ஒன்றுதான். ஆனால் பஸ்ஸில் முன் சீட்டு நீலக் கோட்டுக்கு. கேன்டீனில் முதல் அரைமணி நேரம் நீலக் கோட்டுக்கு. நாங்கள் போகும்போது கூட்டு தீர்ந்திருக்கும். அவளுக்குக் கூட்டு மேல் ஆசை கிடையாது. பர்மனன்ட் என்றால், நாளைக்கு வராதே என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது, அது போதும் என்பாள். “காலைல பஸ் ஏறறப்ப வயித்துல ஒரு பயம் கீதே, அது இல்லாம ஒரு நாள் ஏறணும்கா” என்று சொல்வாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இந்த வருடத் தொடக்கத்தில் எச்.ஆர். மேடம் லைனுக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகக் கம்பெனியைப் பற்றி ஒரு வீடியோ எடுக்கிறார்கள், அதில் தொழிலாளி ஒருத்தர் பேச வேண்டும் என்றார். ஜெசிந்தாவின் குரல் எந்த மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். மேடம் அவளைக் காட்டி, “நீங்க பேசுங்க” என்றார். பிறகு போகிறபோக்கில், “பர்மனன்ட் லிஸ்ட் போடப் போறாங்க. இந்த மாதிரி முன்னால வர்றவங்கள மேனேஜ்மென்ட் கவனிக்கும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். தருகிறோம் என்று சொல்லவில்லை. ஜெசிந்தா அதைத் தருகிறோம் என்றே எடுத்துக்கொண்டாள்.

“ஏட்டி, நாலு வரி பேசினதுக்கு பர்மனன்டு ஆக்கிருவாவளா?” என்று கேட்டேன்.

“நாலு வரி இல்லக்கா. மொகம். என் மொகத்த வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டிட்டு, அப்புறம் நாளைக்கு வராதன்னு எப்டி சொல்வாங்க?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்ப இருபது நிமிடம் இருக்கும். அந்த இருபது நிமிடமும் வண்டி நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்குப் பயிற்சி. என் போனில் நான் எடுப்பேன். பழைய போன், இடமே இருக்காது. ஒன்றை எடுத்து, பார்த்து, அழித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க முடியும். அப்படி எத்தனை அழித்தேன் என்று கணக்கே இல்லை. இன்றைக்கு அதில் ஒன்றாவது இருந்திருக்கலாம். ஒன்றும் இல்லை.

மேடம் அனுப்பிய குறிப்பை அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கி வந்திருந்தாள். நேராக உட்கார வேண்டும். கட்டம் போட்ட துணி கூடாது. பேசுவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்க வேண்டும். இயல்பாகச் சிரிக்க வேண்டும்.

“இயல்பா சிரிக்கணுமாம்கா. நான் இயல்பா சிரிச்சா கேமராக்காரன் ஓடிருவான்.”

பேச வேண்டியதையும் அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். “வணக்கம். என் பெயர் ஜெசிந்தா. பதினோரு வருடங்களாக இந்த நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இங்கே நாங்கள் அனைவரும் ஒரே குடும்பம். என் முன்னேற்றத்துக்கு இந்த நிறுவனமே காரணம்.” முதல் நாளே மனப்பாடம் செய்துவிட்டாள். மனப்பாடத்தில் கஷ்டம் இல்லை. கண்ணில்தான் கஷ்டம்.

நாங்கள் எட்டு மணி நேரமும் பேசுகிறவர்கள். வீட்டுக் கதை, சண்டை, சிரிப்பு எல்லாம் பேசுவோம். ஆனால் பலகையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம். எடுத்தால் வயர் மாறிப்போகும். ஏழு வருடம் பக்கத்தில் நின்றும் வேலை நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் போனை நீட்டியதும் அவள் தலை தானாகக் குனிந்தது. குரல் மட்டும் கணீர் என்று வரும், பார்வை தரையில் இருக்கும். போதாததற்குக் கை வேறு. பேச ஆரம்பித்த உடனே இரண்டு கையும் காற்றில் டேப் சுற்ற ஆரம்பித்துவிடும். வீடியோவைப் பார்த்துவிட்டு இருவரும் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தோம்.

“யக்கா, இன்னாக்கா இது, கை தானா சுத்திக்கினு கீது! பேய் புடிச்சவ மாதிரி கீறேன்.”

“கையக் கட்டிப் போடுதேன் இரி.”

கையைக் கட்டவில்லை. தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்காரச் சொன்னேன். கண்ணுக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். “உன் பொட்டக் குடு” என்று என் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, போனில் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். “இது நீ. நான் உங்கிட்டதான் பேசிக்கினு கீறேன். மத்தவன் எவனும் இல்ல” என்றாள். அன்றிலிருந்து பார்வை நின்றது.

இரண்டாவது வாரம் ஒரு நாள், எடுத்து முடித்த பிறகும் அவள் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். “இவங்க கேமராவப் பாத்துப் பேசத்தான் கத்துக்க சொல்றாங்க. நான் இவங்க கண்ணப் பாத்துப் பேசவே கத்துக்கிறேன். லிஸ்டுல என் பேரு இன்னா ஆச்சுன்னு மேடத்த ஒரு நாளு கேக்கணுமில்ல? அன்னிக்கும் தல குனிஞ்சிக்கினு நின்னா நல்லாவா இருக்கும்?” என்றாள். இதை நான் மறக்கவே மாட்டேன். வீடியோ எடுக்கச் சொன்னவர்களுக்கு அவள் இதற்காகத் தயாராகிறாள் என்று தெரியாது.

படம் பிடிக்கிற அன்று அவளுக்கு ஒரு நீலக் கோட்டு கொடுத்தார்கள். சாம்பல் நிறம் கேமராவில் மங்கலாகத் தெரியுமாம். யாருடைய கோட்டோ, தோள்பட்டை பெரிதாக இருந்தது. பின்னால் பின் குத்திச் சுருக்கினார்கள். நான் தண்ணீர் பாட்டில் பிடிப்பதற்கு என்று கூடப் போயிருந்தேன். மூன்று தடவை எடுத்தும் கேமராக்காரருக்குத் திருப்தி இல்லை. நாலாவது தடவை பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. “நாங்கள் அனைவரும் ஒரே...” என்று சொல்லும்போது டீ பெல் அடித்தது. அவள் அந்த நொடியே எழுந்து நின்றுவிட்டாள். பெல் அடித்தால் எழுந்து டீக்கு ஓட வேண்டும், ஏழு நிமிடத்தில் திரும்ப வேண்டும், பதினோரு வருடப் பழக்கம் அது. காலரில் குத்தியிருந்த மைக் அறுந்து தொங்கியது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

“உக்காருங்கம்மா, உங்களுக்கு இன்னைக்கு பெல் கிடையாது” என்றார் கேமராக்காரர்.

“இத முன்னாடியே சொல்லியிருந்தா பதினோரு வருசமா உக்காந்தே இருந்திருப்பேனே சார்” என்றாள். மேடம்கூடச் சிரித்தார். அடுத்த தடவை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தலை நிமிர்ந்து இருந்தது, கை அசையவில்லை. கேமராக்காரர் கை தட்டினார்.

கோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கண்ணாடி முன்னால் நின்று, பின்னை எல்லாம் எடுத்துவிட்டு, அந்தப் பெரிய கோட்டைக் கையால் நீவி விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, “தொளதொளன்னு கீது” என்று கழற்றி மடித்தாள்.

வீடியோ வந்தது. வரவேற்பறையில் உள்ள பெரிய டி.வி.யில் நாள் முழுக்க ஓடியது. அந்த வழியாக நாங்கள் போகக் கூடாது, எங்களுக்குப் பக்கவாட்டு வாசல். ஷிஃப்ட் முடிந்ததும் கண்ணாடிக்கு வெளியே நின்று, சாப்பாட்டுப் பையோடு தன்னையே அவள் பார்ப்பாள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. “சத்தம் வரலன்னா இன்னாக்கா, இன்னா சொல்றேன்னு எனுக்குத் தெரியாதா?” என்பாள். செக்யூரிட்டி வந்து, “போம்மா, விசிட்டர் வர்ற நேரம்” என்பார். “சார், உள்ள பேசறவளே நான்தான் சார்” என்று காட்டுவாள். அவர் டி.வி.யைப் பார்ப்பார், இவளுடைய சாம்பல் கோட்டைப் பார்ப்பார். “சரி, போம்மா” என்பார்.

சொன்னபடியே ஒரு நாள் மேடத்தை நேராகப் பார்த்து லிஸ்ட் பற்றிக் கேட்டுவிட்டாள். இந்த மூன்று மாத வருகையைப் பார்த்து முடிவு செய்வோம் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அவள் லீவே போடவில்லை. மகளின் பள்ளிக்கூட விழாவுக்குப் போகவில்லை. பெரிய வியாழனுக்குக்கூட லீவு கேட்கவில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை காய்ச்சலோடு வந்தாள். வியாழனும் வந்தாள். வெள்ளிக்கிழமை பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

“ஏட்டி ஜெசி, வீட்டுக்குப் போ. உடம்பு அனலாக் கொதிக்கி.”

“இப்ப லீவு போட்டா பேர அடிச்சிடுவாங்கக்கா. இன்னும் ரெண்டு வாரம்தான். மாத்திர குடு.”

நான் மாத்திரை கொடுத்தேன். அது மட்டும் இல்லை. சூப்பர்வைசர் கண்ணில் படாதபடி அவள் இடத்துக் கட்டையும் சேர்த்து நானே சுற்றினேன். அவளுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். லைனை நிறுத்தி, இவளால் நிற்க முடியவில்லை, அனுப்புங்கள் என்று நான் கத்தியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். நான் கத்தவில்லை. சனிக்கிழமை ராத்திரி அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது மூச்சு வாங்கியிருக்கிறது. திங்கட்கிழமை விடிந்ததும் போய்விட்டாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் நான் மேடத்தின் அறைக்குப் போனேன். கேட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடி போட்ட ஒரு பலகை இருக்கிறது. வேலையில் இருக்கும்போது யாராவது இறந்துவிட்டால் அதில் படம் வைத்து, மாலை போட்டு, ஷிஃப்ட் தொடங்கும்போது ஒரு நிமிடம் எல்லோரும் நிற்போம். அதில் அவள் படம் இல்லை. அதைத்தான் கேட்டேன்.

“அவங்க நம்ம ரோல்ல இல்லையே முத்துமாரி. காண்ட்ராக்டர் ஆளு. காண்ட்ராக்டர்தான் செய்யணும்.”

“பதினோரு வருசம் மேடம்.”

“எனக்கும் வருத்தம்தான். ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?”

மேடத்தின் அறைக் கதவு வரவேற்பறையில் திறக்கிறது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த டி.வி.யின் சத்தத்தைக் கேட்டேன். “இங்கே நாங்கள் அனைவரும் ஒரே குடும்பம்” என்று அவள் குரல் உள்ளே வந்தது. மேடத்துக்கும் கேட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். இறந்தவர்களை டி.வி.யில் ஓட விடுவது நன்றாக இருக்காது, வேறு எடுக்க வேண்டும், அவளோடு சேர்ந்து பயிற்சி செய்தவள் நீதானே, வரிகள் உனக்குத் தெரியுமே என்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். நான் பேரம் பேசினேன். அவள் படத்தைப் பலகையில் வையுங்கள், நான் பேசுகிறேன் என்றேன். மேடம் யாருக்கோ போன் செய்தார். “ஒரு ஷிஃப்ட் மட்டும் வைக்கலாம்” என்றார்.

வைத்தார்கள். அவர்களிடம் இருந்த ஒரே படம் வீடியோவிலிருந்து எடுத்ததுதான். நீலக் கோட்டு, நிமிர்ந்த தலை. ஒரு நிமிடம் நின்றோம். நான் அதைப் போனில் எடுத்து ஆரோக்கியம் அண்ணனுக்கு அனுப்பினேன். இந்தத் தாளின் முன்பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அந்தப் படம்தான். அந்தக் கோட்டு அவளுடையது இல்லை என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சாயங்காலம் பலகை காலியாக இருந்தது.

மறுநாள் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. “அந்தம்மாவவிட நல்லா பேசுறீங்க” என்று கேமராக்காரர் பாராட்டினார். நான் ஒன்றும் நன்றாகப் பேசவில்லை. எனக்கு அதில் ஆசையும் இல்லை, பயமும் இல்லை. அதனால் தடுமாறவில்லை. அவள் தடுமாறியது எல்லாம், அந்த நாலு வரியும் உண்மையாகிவிடும் என்று நம்பியதால்தான். அவள் மேல் எனக்குக் கோபம் என்றால் அது இதற்காகத்தான்.

அடுத்த வாரம் லிஸ்ட் வந்தது. என் பெயர் இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் மகள் இருக்கிறாள், பத்தாவது படிக்கிறாள். பஸ்ஸில் சிலர் என்னோடு பேசுவதில்லை. பின் சீட்டில் போய் உட்கார்ந்தாலும் நகர்ந்து உட்காருகிறார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் செய்த பெரிய தப்பு உங்களுக்கு இன்னும் தெரியாது. போன வெள்ளிக்கிழமை ஆரோக்கியம் அண்ணன் வந்தார். வேலை பார்த்த வருடக் கணக்குக்கு அவளுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்க, ஜெசிந்தா இங்கே எவ்வளவு காலம் வேலை பார்த்தாள் என்று ஒரு கடிதம் வாங்கப் பத்து நாளாக அலைகிறார். கம்பெனி தர முடியாது என்றுவிட்டது. காண்ட்ராக்டர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்பது மாதம் என்று இருக்கிறது. காண்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மாறும்போதெல்லாம் எங்களைப் புதுசாகச் சேர்ந்ததாகப் பதிவார்கள். கடைசிக் காண்ட்ராக்டரிடம் அவள் ஒன்பது மாதக்காரி.

“அந்த வீடியோவ வாங்கிக் குடுங்கக்கா” என்றார் அண்ணன். “பதினோரு வருசம்னு அவளே சொல்றாளே. கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்து, அவங்க டி.வி.லயே ஓடிச்சே. அத விட இன்னா வேணும்?”

மேடத்திடம் ஓடினேன். “புதுசு போட்டதும் பழச எடுத்தாச்சே. நீதானே பேசின?” என்றார். கேமராக்காரரிடம் கேட்டுப் பாருங்கள் மேடம் என்றேன். அதெல்லாம் கம்பெனி சொத்து, தர மாட்டார்கள் என்றார். இப்போது அந்த டி.வி.யில் நான் உட்கார்ந்து, ஏழு வருடங்களாகப் பணிபுரிகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய பதினோரு வருடத்தைக் கம்பெனி வாயால் சொன்ன இடம் அது ஒன்றுதான். ஒரு ஷிஃப்ட் நேரம் ஒரு படம் தொங்குவதற்காக அதை நான் என் முகத்தால் அழித்துவிட்டேன். படம் வைத்தால்தான் மரியாதை என்று நினைத்தேன் பாருங்கள், அந்தப் புத்தியை என்ன சொல்ல.

எனக்குக் கொடுத்த பர்மனன்ட் ஆர்டரையும் அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். வேலையில் சேர்ந்த நாள் என்று இந்த மாதத் தேதி போட்டிருக்கிறது.

அவளுடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. நான் பார்த்த ஏழு வருடம் இருக்கிறது. அவள் சின்ன மகள் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம் வரைக்கும் நாலாவது இடத்தில் நின்றாள். மழையில் ரோடு முழுகி பஸ் வராத நாளில் படப்பை வரை நடந்து, தண்ணீர் லாரியில் ஏறி வேலைக்கு வந்தாள், வந்தது லேட் என்று ஆப்சென்ட் போட்டார்கள். காண்ட்ராக்டர் மாறியபோது மூன்று தடவை கோட்டைக் கழற்றச் சொல்லி, மறுநாள் அதே கோட்டைப் புதுசு என்று கொடுத்தார்கள், மூன்று தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன். அதற்கு முந்தின நாலு வருடத்துக்கு, அப்போது மூன்றாவது இடத்தில் நின்ற கமலா இருக்கிறாள். இப்போது தண்டலத்தில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் செய்கிறாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சொல்கிறேன் என்றாள்.

ஆரோக்கியம் அண்ணே, எந்த ஆபீஸாக இருந்தாலும், எந்த அதிகாரி கேட்டாலும் என்னைக் கூப்பிடுங்கள். வந்து சொல்கிறேன். அதற்காக எனக்குக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டால் பிடுங்கிக்கொள்ளட்டும். அது எனக்கு வந்திருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒருத்தி வாய்ச்சொல்லை, இரண்டு பேர் வாய்ச்சொல்லை எந்த ஆபீஸிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார்கள். பஸ்ஸில் என்னோடு பேசாமல் வருகிறவர்களே, நீங்கள் என்னோடு பேச வேண்டாம். அவள் நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். நான் சாட்சி சொல்லப் போகிற அன்றைக்கு என்கூட வந்து நில்லுங்கள்.